போகாமலே அளக்கிற மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் தன் வேலையைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசக் கூடாது. "பெங்களூர்ல இருக்கேங்க" என்பது முதல் வாக்கியம். "மாசாமாசம் சம்பளம் வந்துடுதுங்க" என்பது இரண்டாவது. அத்தோடு தட்டிலிருக்கும் வடையை எடுத்து வாயை அடைத்துக்கொள்ள வேண்டும். நான் அடைத்துக்கொள்ளவில்லை. பேசினேன். அதனால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கும் வீட்டில் ஒரே ஒரு காபி தம்ளர் இருக்கிறது.

ஏன் பேசினேன் என்றால், யாரிடமாவது பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

அப்போது எனக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி இன்னும் தனி மாவட்டம் ஆகாத காலம். சொந்த ஊரைவிட்டு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கேலக்ஸிகளின் தூரத்தை அளக்கும் வேலையில் இருந்தேன். கேலக்ஸி என்றால் கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம். நம் பால்வெளி அப்படி ஒன்று. பிரபஞ்சம் விரிய விரிய அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகின்றன. அந்த விரிவு எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. ஒரு கேலக்ஸி எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதை அதன் ஒளியே காட்டிக்கொடுத்துவிடும். விலகுகிற ஒளி சிவப்புப் பக்கம் சாயும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் லேசில் சொல்லாது. போய் அளக்கவும் முடியாது. இங்கேயே உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேயே உட்கார்ந்து, தன்னந்தனியாக. கம்ப்யூட்டர் திரையில் மங்கலான வெளிச்சப் புள்ளிகள். மாலையானால் வாடகை அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னிடம் பேசிய ஒரே மனிதர் மெஸ்காரர். அவரும் "சாம்பார் ஊத்தவா?" என்றுதான் கேட்டார். நான் "ஊத்துங்க" என்றேன், தேவைக்கு மேல் உருக்கமாக. அவர் பயந்துபோய் மூன்று கரண்டி ஊற்றிவிட்டார். அறைக்கு வந்து, தொண்டை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, சுவரைப் பார்த்து "சரி, அப்புறம்?" என்று கேட்டுப் பார்த்தேன். (சுவர் நல்ல மாதிரி. குறுக்கே பேசாது.)

அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். எனக்கென்று இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். கள்ளக்குறிச்சியில் பம்புசெட் உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். அவர்தான் இந்த வரனைப் பிடித்தார். பெண் பெயர் அமுதா. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பள்ளியில் டீச்சர். தினமும் மலை பஸ்ஸில் ஏறி இறங்குகிறவள். வீடு மலையடிவாரத்தில். அப்பா அண்ணாமலை, மரவள்ளி போடுகிற விவசாயி.

போனோம். மரவள்ளிக்கிழங்கு வடை வந்தது. அண்ணாமலை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பிக்கு இன்னா வேலைங்க?" என்று பெரியப்பாவிடம் கேட்டார்.

"கவர்மென்ட்டு மாதிரிதாங்க" என்றார் பெரியப்பா. அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பிரபஞ்சம் விரிவதில் தொடங்கி, கேலக்ஸி, ஒளி, தூரம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். பெரியப்பா இரண்டு தடவை என் தொடையைக் கிள்ளினார். ஆனால் அண்ணாமலை கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையிலேயே கேட்டார். கண்ணைச் சுருக்கி, முன்னால் சாய்ந்து, ஒரு மனிதர் என் வேலையைப் பற்றி அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

"அப்போ நீங்க அங்க போவவே மாட்டீங்களா தம்பி?"

"போக முடியாதுங்க. இங்க நின்னுகிட்டே அளக்கறதுதான்."

"கால்கூட வெக்காம?"

"ஆமாங்க."

"அங்க இருக்கறவனுக்குத் தெரியாமயே?"

"அங்க யாருங்க இருக்கா?"

அண்ணாமலை மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? போவாமயே அளக்குறாராம்" என்றார். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிடாத குறை. வானியலுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் புல்லரித்துப்போனேன்.

விஷயம் அதுவல்ல. அண்ணாமலைக்கு ஒரு தம்பி, பெயர் ஏழுமலை. அப்பா காலத்தில் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து நடுவில் ஒரு கல் நட்டிருந்தார்கள். ஏதோ ஒரு மழைக்குப் பிறகு அந்தக் கல்லைத் தம்பி இந்தப் பக்கம் நகர்த்தி நட்டுவிட்டதாக அண்ணனுக்குச் சந்தேகம். தம்பிக்கு, தன்னைத் திருடன் என்று சொல்லிவிட்டாரே என்று ஆத்திரம். அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணம் காட்சிக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. அண்ணன் பக்கத்து அகலம் இருநூறு அடி. அது தெரிந்த கணக்கு. தம்பி பக்கம் எவ்வளவு என்று அளக்கத்தான் வழியில்லை. "என் நெலத்துல எவன் கால வெச்சாலும் கால ஒடிப்பேன்" என்று சொல்லியிருந்தார் ஏழுமலை. முறைப்படி வந்த சர்வேயர்மீதே நாயை அவிழ்த்துவிட்டவர். (ஃபோனில் மேப்பைப் போட்டு அளந்திருக்கலாமே என்று இதைப் படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். அன்று அந்த அடிவாரத்தில், வேப்பமரத்தில் ஏறினால்தான் ஒரு கோடு சிக்னல் வரும்.)

ஆகவே, கேலக்ஸிக்குப் போகாமலே அதன் தூரத்தைச் சொல்லுகிறவர், ஏழுமலையின் வேலிக்குள் போகாமலே அவன் நிலத்தின் அகலத்தைச் சொல்லமாட்டாரா? அண்ணாமலையின் கேள்வியில் ஒரு குறையும் இல்லை. இன்றுவரை அதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

"நாளைக்கு அந்த நெலத்த மட்டும் அளந்து குடுத்துடுங்க தம்பி. ஆவணிலயே தேதி வெச்சிடலாம்" என்றார்.

நிலம் அளப்பது என் வேலையில்லை, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது கதவோரம் நின்றிருந்த அமுதா முதல்முறையாகப் பேசினாள்.

"ஒரு வழில அளக்கறீங்க. அது தப்பா இருந்தா எப்டிங்க தெரியும்?"

என் துறையின் தலையாய கேள்வி அது. என்னோடு வேலை செய்தவர்கள்கூட மதியச் சாப்பாட்டின்போது அதைக் கேட்டதில்லை. அவர்கள் என்னோடு சாப்பிட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

"இன்னொரு வழியிலயும் அளப்போங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா சரி."

"ஒண்ணா வரலன்னா?"

இங்கே நான் வாசகரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரபஞ்சத்தின் விரிவு வேகத்தை உலகம் இரண்டு வழிகளில் அளக்கிறது. பக்கத்து நட்சத்திரத்தில் தொடங்கி ஏணிபோலப் படிப்படியாக தூரத்து கேலக்ஸிவரை ஏறுவது ஒரு வழி. பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியிலிருந்து கணக்கிட்டு வருவது மறுவழி. இரண்டும் ஒன்றாக வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய பெரிய மூளைகள் எல்லாம் அதில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் அமுதாவைப் பார்த்து, "அதெல்லாம் வந்துடுங்க" என்றேன்.

மறுநாள் காலை. என் கருவிகள்: அமுதாவின் பள்ளியிலிருந்து வந்த மரக் கோணமானி, குறி பார்க்க ஒரு துண்டு பிவிசி பைப், ஒரு ஸ்கேல், மாட்டுக் கயிறு. எங்கள் பக்கத்தில் நடுக்கல். எதிரே ஏழுமலையின் மரவள்ளி, அதன் கடைசி எல்லையில் ஒற்றைப் பனைமரம். அந்தப் பனையடியில் தலைப்பாகையோடு, கையில் தடியோடு, காலடியில் நாயோடு ஏழுமலையே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் கல்வராயன் மலை.

முதல் வழி எளிது. கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறுகண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறியதுபோலத் தெரியும். விரல் கிட்டே இருந்தால் அதிகம் மாறும், தள்ளியிருந்தால் குறைவாக. பக்கத்து நட்சத்திரங்களின் தூரத்தை இப்படித்தான் அளக்கிறார்கள். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. எனக்குப் பூமிக்குப் பதில் வரப்பு. நடுக்கல்லிலிருந்து வரப்போரமாக முப்பதடிக் கயிற்றைப் பிடித்து, மறுமுனையில் பெரியப்பாவை நிறுத்தினேன். "நவுராம நில்லுங்க பெரியப்பா. எல்லாமே உங்களை வெச்சுத்தான்." கல்லருகே நின்று பனைக்கும் மலையுச்சிக்கும் உள்ள கோணத்தை எடுத்தேன். நாலைந்து தடவை எடுத்தேன், அமுதா பார்க்கிறாளே என்று. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, பெரியப்பா நின்ற இடத்துக்குப் போய் அங்கிருந்தும் எடுத்தேன்.

கணக்குப் போட்டேன். இருநூற்று முப்பதடி.

"முப்பதடி தின்னுட்டாண்டா!" என்று கத்தினார் அண்ணாமலை. (வித்தியாசம்தான் முப்பது, கல் நகர்ந்திருந்தால் அதில் பாதிதான் நகர்ந்திருக்கும். அதைக் கேட்க அங்கே ஆளில்லை.) வரப்பின்மேல் ஏறி நின்று, கையைக் குவித்து, "டேய் ஏழுமல! முப்பதடிடா! போவாமயே கண்டுபுட்ச்சிட்டாரு எங்க மாப்ள!" என்றார். அத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது.

மாப்பிள்ளை என்ற சொல் என் காதில் விழுந்தது. வேறெதுவும் விழவில்லை. அந்த நேரத்தில் பஸ் ஏறியிருந்தால் இன்று என் வீட்டில் இரண்டு தம்ளர்கள் இருந்திருக்கும்.

"இன்னொரு வழில பாக்கலீங்களா?" என்றாள் அமுதா.

இரண்டாவது வழியும் எளிதுதான். ஒரு பொருளின் உண்மையான அளவு தெரிந்தால், அது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதை வைத்து தூரத்தைச் சொல்லிவிடலாம். கேலக்ஸிகளில் இதற்கு, ஒரே பிரகாசத்தோடு வெடிக்கிற நட்சத்திரங்களைப் பிடித்துக்கொள்கிறோம். எனக்கு எதிரே பனையடியில் ஒரு முழு மனிதர் நட்டுவைத்ததுபோல நின்றார்.

"உங்க தம்பி என்ன உயரங்க?"

"என் ஒயரந்தான். ஒரே சட்டைய மாத்தி மாத்திப் போட்டு வளந்தவங்க நாங்க. மயிரிழ வித்தியாசம் இருக்காது."

அண்ணாமலையை வேப்பமரத்தோடு நிறுத்தி அளந்தேன். ஸ்கேலைக் கை நீட்டிப் பிடித்து, பனையடியில் ஏழுமலை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்தேன். கணக்குப் போட்டேன். நூற்று எண்பது.

மறுபடி போட்டேன். நூற்று எண்பதுதான். அதாவது தம்பி எதையும் தின்னவில்லை. அவருக்கே இருபதடி குறைகிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து, "இன்னா சொல்றாரு அவுரு?" என்று குரல் வந்தது. விஞ்ஞானி கண்டதை மறைக்கக் கூடாது அல்லவா? நானும் கையைக் குவித்து, "உங்களுக்குத்தாங்க இருபதடி கம்மி!" என்று கத்தினேன். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டியாண்ணா! உன் மாப்ளயே சொல்லிட்டாரு! எட்த்து வை என் இருபதடிய!"

அண்ணாமலை என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. நான் அவரைச் சமாதானப்படுத்த நினைத்து, நிலத்தின் நடுவில் நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பிரபஞ்சத்திலும் இதே கதைதான், அங்கும் இரண்டு விடை வருகிறது, அப்படி வருவதே ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கு அறிகுறியாக இருக்கலாம் என்றேன்.

"மேல இருக்கறது ரெண்டா இருந்தா இருந்துட்டுப் போவுது தம்பி" என்றார் அவர். "என் நெலம் ஒண்ணுதான்."

அமுதா மட்டும் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, நீங்க மொதல்லருந்து இங்கயா நின்னீங்க?" என்று பெரியப்பாவிடம் கேட்டாள். பெரியப்பா அழகாகப் புளியமர நிழலுக்குள் நின்றிருந்தார்.

"வெயிலும்மா... கொஞ்சமா இப்டி நவுந்தன். ஒரு நாலடி இருக்கும்."

முப்பதடி என்று நான் நம்பியிருந்த அடிப்படைக் கோடு முப்பதடியே இல்லை, இருபத்தாறுதான். ஏணியின் முதல் படி நிழலுக்காக நகர்ந்துவிட்டது. ஏழுமலையின் நிலம் விரிந்ததெல்லாம் அதனால்தான். முதல் வழி செத்தது. இரண்டாவது நின்றது. அதன்படி, அவர்கள் கணக்கில், அண்ணன்தான் தம்பிக்கு இருபதடி தர வேண்டும்.

"அதுவும் தப்பாத்தான் இருக்கும்!" என்றார் அண்ணாமலை. எப்படிச் சரிபார்ப்பது என்று என்னைக் கேட்டார்கள். நான், அளவுகோலைத்தான் சரிபார்க்க வேண்டும், அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் உயரம் ஒன்றா என்று தெரியும் என்றேன். இதை நான் கணக்குக்காக மட்டுமே சொன்னேன். வேறு எந்த நல்லெண்ணமும் எனக்கில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"நான் இன்னாத்துக்கு அங்க வரணும்?" என்றார் ஏழுமலை. இருபதடி சும்மா விடுகிற அளவா? "இரு, வரன். உறுதி பண்ணிக்கினே போறன்." நாயைப் பனையில் கட்டிவிட்டு, மரவள்ளிக்குள் நடந்து வந்து, வரப்பைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்தார்.

"சித்தப்பா, தலப்பாவ எடுங்க" என்றாள் அமுதா. எடுத்தார். நடுக்கல்லருகே இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்தி, தலைகளின்மேல் ஸ்கேலை வைத்தேன். ஸ்கேல் சரிந்தது. தம்பி அண்ணனைவிட அரைத்தலை உயரம்.

ஏழுமலை திரும்பிப் பார்த்தார். "இன்னாண்ணா, இப்டி குனிஞ்சு நிக்கற? நிமிந்து நில்லு."

"நிமிந்துதாண்டா நிக்கறன்."

அத்தனை வருடமும் தம்பி அண்ணனை வேலிக்கு அப்பாலிருந்துதான் பார்த்திருக்கிறார். அந்தத் தூரத்திலிருந்து கூன் தெரியாது. ஏழுமலை தலைப்பாகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்போண்ணா இப்டி ஆச்சு? யாரும் சொல்லலயே" என்றார். அண்ணாமலை தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார், கீழே விழுந்துவிடுவார்போல.

அமுதா அழுதாள். அவள் அம்மா அழுதார். பெரியப்பாகூட நிழலைவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உயர வித்தியாசத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

அண்ணனும் தம்பியும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நான் ஓடிப்போய், "இப்ப ஒரே ஒரு தடவை கயிறு போட்டுப் பார்த்துடலாங்களா? நாயகூட கட்டியிருக்கு" என்றேன்.

"வுடுங்க தம்பி, இன்னாத்துக்கு இப்ப அது?" என்றார் அண்ணாமலை. அவர் குரலில் இருந்த 'மாப்ள' போய் மறுபடி 'தம்பி' வந்திருந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில், பெரியப்பா நகர்ந்த நாலடியையும், அண்ணாமலையின் கூனையும், கழற்றாத தலைப்பாகையையும் சேர்த்து இரண்டு கணக்கையும் திருத்திப் போட்டேன். இரண்டும் இருநூறில் வந்து நின்றன. அண்ணனுக்கும் தம்பிக்கும் சரிபாதி. கல் நகரவே இல்லை. என் வாழ்நாளில் இரண்டு வழிகள் ஒரே விடையில் வந்து சேர்ந்தது அந்த ஒரு தடவைதான். சொல்வதற்குத் திரும்பினேன். பெரியப்பா என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தகவல் வந்தது. ஏழுமலையின் மனைவிக்கு ஓர் அண்ணன், அவருக்கு ஒரு மகன். சொந்த டிராக்டர் வைத்திருப்பவன், அமுதாவுக்கு முறைப் பையன். இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லாததால் அந்த எண்ணமே யாருக்கும் வராமல் இருந்தது. இப்போது பேச்சு வந்துவிட்டது. "முறைப் பையன் இருக்கறப்ப அசல்ல குடுப்பாங்களாடா?" என்றார் பெரியப்பா ஃபோனில். குற்றம் சொல்ல ஆளில்லை. நான்தான் வேலியை எடுத்துவிட்டேன், அந்த வழியாக வந்தவர் வேறொருவர். அன்றிரவு சுவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடவும் இல்லை. ரொம்ப வலித்தது.

கல்யாணத்துக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்து பத்திரிகை வைத்தார்கள், பெங்களூர்வரை. போனேன். மேடையில் ஏற்றி, இவரால்தான் குடும்பம் ஒன்றானது என்று சொல்லி, பொன்னாடை போர்த்தினார்கள். கல்யாண ஆல்பத்தில் மணமகன், மணமகள், நடுவில் சால்வையோடு நான். அந்த நெரிசலில் அமுதா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணா வந்துச்சுங்களா?"

உலகத்தில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. "வந்துச்சுங்க. ரெண்டு பக்கமும் சமம்."

அவள் சிரித்தாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. தம்பிக்கு முப்பதடி வுட்டுக்குடுத்துட்டோம்னு பெருமையா இருக்காரு. சித்தப்பாவும் அண்ணனுக்குத்தான் இருபதடி வுட்டுக்குடுத்ததா நெனச்சிக்கினு இருக்காரு."

நான் சொல்லவில்லை. இன்றுவரை.

வருடங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன். கேலக்ஸிகளும் விலகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் என் பேச்சு இல்லாத நாளில்லையாம். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, கடை மூடியிருக்கும் என்று யாராவது இருந்த இடத்திலிருந்தே சொன்னால், "வந்துட்டாருடா, போவாமயே அளக்குற மாப்ள" என்கிறார்களாம். அமுதாவின் கணவரைச் சின்ன வயதிலிருந்தே ஏழுமலையின் மனைவிக்குப் பழக்கம் என்பதால் அவரை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் நான்தான்.

பொங்கலன்று அண்ணாமலை தவறாமல் ஃபோன் செய்வார். பக்கத்திலேயே ஏழுமலையின் சிரிப்பும் கேட்கும்.

"மாப்ள, உங்க பிரபஞ்சம் இன்னா ஆச்சு? ஒண்ணா வந்துச்சா, இன்னும் ரெண்டுதானா?"

"இன்னும் ரெண்டுதாங்க."

"நல்லாப் பாருங்க மாப்ள. வெயிலுக்கு யாராச்சும் நவுந்திருப்பாங்க."

அந்தப் பக்கம் மொத்த வீடும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். உலகத்தில் வேறெங்கும் என்னை யாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. அதனால் பொங்கலன்று காலையிலிருந்தே ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மணி அடித்ததும் எடுத்துவிட மாட்டேன். நாலைந்து தடவை அடிக்க விட்டுத்தான் எடுப்பேன், ஏதோ வேலையாக இருந்தவன்போல.